லைன் என்ற சொல்லும் உன் அப்பாவின் கோட்டும்

அண்ணா, இதில் உள்ளதை உள்ளபடியே எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது உன் தங்கை நான்தான். அம்மா சொன்னதில் ஒன்றையும் விடமாட்டேன், சொல்லாததைச் சேர்க்கவும் மாட்டேன். அவள் பேசுகிற மாதிரியே எழுதினால் எழுத்துப் பிழை அதிகமாகிவிடும் என்பதால் எழுத்துத் தமிழுக்கு மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான். இந்தப் பத்திக்குப் பிறகு ‘நான்’ என்று வருவதெல்லாம் அம்மா. நான் ஏதாவது சொல்ல வேண்டி வந்தால் அடைப்புக்குறிக்குள் சொல்கிறேன். உறையை ஒட்ட வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். “ஒளிச்சு வச்சதெல்லாம் போதும். வழியில யாரு படிச்சாலும் படிக்கட்டும்” என்கிறாள்.

பிச்சைமுத்து, வருகிற வெள்ளிக்கிழமை நீ இந்தியாவுக்குப் புறப்படுகிறாய் என்பது பக்கத்து வீட்டு அந்தோனியம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவள் ஹட்டனுக்குப் போனபோது நீ வேலை செய்கிற கடை வாசலில் உன்னைப் பார்த்தாளாம். அம்மாவைப் பார்க்க வரவில்லையா என்று கேட்டதற்கு, “மகன்னு சொல்ல வாய் வராத மனுசன் இருந்த வீட்டுக்கு நான் எதுக்கு பெரியம்மா வரணும்” என்றாயாம். இன்னொன்றும் சொன்னாயாம். அங்கே வெயில்தானே, அப்பாவின் கோட்டைக் கூட மூட்டை தூக்குகிற யாருக்காவது கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று. முதலில் சொன்னதை நான் தாங்கிக்கொண்டேன். இரண்டாவதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்பதை இந்தக் கடிதம் முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும். பதின்மூன்று வருஷமாக ஒருவரிடமும் சொல்லாதது. தயவுசெய்து கோட்டைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடு.

இன்றைக்கு இதைச் சொல்ல எனக்கு வாய் வந்ததற்கு உன் தங்கையின் இங்கிலீஷ் பாடம்தான் காரணம். ஏதாவது ஒரு சாதாரண இங்கிலீஷ் சொல்லை எடுத்து, அது எங்கிருந்து வந்தது, எத்தனை விதமாகப் பயன்படுகிறது என்று எழுதி வரும்படி ஆசிரியை சொல்லியிருக்கிறார். அட்டை கிழிந்த ஓர் அகராதியையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். இவள் தேர்ந்தெடுத்த சொல் லைன். ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை. நான் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இவள் வாய்விட்டுப் படித்தாள்.

“அம்மா, நாம குடியிருக்கிற இடத்த லயம் லயம்னு சொல்றோமே, அது லைனுங்கிற வார்த்தைதான். வரிசைன்னு அர்த்தம்.”

“வரிசையா கட்டியிருக்கான், வரிசைன்னு சொன்னான். இதுக்கு இம்புட்டுப் பெரிய புஸ்தகமா?”

“அதுக்கும் முன்னாடி நூலும்மா. லத்தீன்னு ஒரு பழைய பாஷை. அதுல சணல் மாதிரி நார் எடுக்கிற ஒரு செடிக்கு லினும்னு பேரு. அந்த நாருல திரிச்ச நூல்தான் மொதல்ல லைன். நூலை இழுத்துப் புடிச்சா நேரா நிக்கும்ல, அதனால கோடு. கோடு மாதிரி நின்னா வரிசை. வரிசையா கட்டுனா நம்ம லயம்.”

அடுத்த காம்பராவிலிருந்து அந்தோனியம்மா எட்டிப் பார்த்தாள். “அப்ப நாம நூல்லதான் குடியிருக்கோமா? அதான் காத்தடிச்சா கூரை ஆடுது.”

நான் சிரிக்கவில்லை. ஒரே நூலில் பன்னிரண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். ஒரு காம்பராவில் பிள்ளை இருமினால் பன்னிரண்டிலும் கேட்கும். அப்படி எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க, ஒரு மார்கழி மாதத்தில் மூன்று நாள் இருமி இறந்தவன் உன் அண்ணன். உனக்கு முன்னால் ஒருவன் பிறந்து இறந்தான் என்பது உனக்குத் தெரியும். அவனைப் பற்றி நான் பேசியதில்லை. பெயர் தர்மலிங்கம். அவன் பிறந்தபோது உன் அப்பாவுக்குத் தரையில் கால் நிற்கவில்லை. தோட்டத்தில் பிறப்பு இறப்பைப் பதிகிற மருந்து ஐயாவிடம் தானே போய், பெயர், பிறந்த நாள், தாய் பெயர், தகப்பன் பெயர் எல்லாவற்றையும் சொல்லிப் பதிந்துவிட்டு வந்தார். “ஒரு வரி முழுக்க நம்ம புள்ளதான்டி, புஸ்தகத்துல இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும்” என்று கையை விரித்துக் காட்டினார். பதினோரு மாதம் கழித்து அதே மேசைக்குப் போய், அதே வாயால் அவன் இறந்ததையும் சொல்லி எழுத வைத்துவிட்டு வந்தார்.

அப்போது எனக்குள் ஒரு எண்ணம் விழுந்தது. எழுதி வைத்ததால்தான் எமனுக்கு வழி தெரிந்தது என்று நினைத்தேன். இந்த வளைவு வளைவான மலையில், மூடுபனியில், ஒரே மாதிரி இருக்கிற இத்தனை லயங்களில், ஆறாம் காம்பராவில் ஒரு பிள்ளை இருக்கிறான் என்று அவனுக்கு யார் சொன்னது? அந்தப் புத்தகம்தான் சொல்லியிருக்க வேண்டும். படித்தவர்கள் சிரிப்பார்கள். (நான் சிரிக்கவில்லை.) பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டும் மகனே. காரணமே இல்லை என்பதை அவளால் தாங்க முடியாது.

பிறகு நீ பிறந்தாய். பிள்ளையைப் பறிகொடுத்தால் எமனை ஏமாற்ற ஊரில் நம் ஆட்கள் செய்கிறபடி, உன்னைத் தவிட்டுக்கு விற்றோம். அந்தோனியம்மா ஒரு கொத்துத் தவிட்டை அளந்து முறத்தில் கொட்டிவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு போனாள். அரை மணி நேரம் கழித்து வளர்ப்பதற்கு என்று சொல்லி என் மடியில் திரும்பப் போட்டாள். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரியாக இருந்தும் சிரிக்காமல் செய்தாள். (இதைக் கேட்டுக்கொண்டிருந்த அந்தோனியம்மா பெரியம்மா, “எழுது பாப்பா, என் தவிட்டை விட்றாத. இன்னும் திருப்பிக் குடுக்கல” என்கிறாள்.) அதனால்தான் உனக்குப் பிச்சைமுத்து என்று பெயர். அதனால்தான் நான் உன்னை அடிக்கக் கை ஓங்கினால், “ஏய், யாரு புள்ளைய அடிக்கிற? சும்மாவா வாங்குனேன், தவிடு குடுத்து வாங்குனேன்டி” என்று அவள் ஓடி வருவாள். நீ அவள் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டு எனக்குப் பழிப்புக் காட்டுவாய்.

எல்லோரும் செய்வது இதோடு முடிந்துவிடும். நான்தான் முடிக்கவில்லை. தவிட்டுக்கு விற்றது லயத்துக்குத் தெரியும், எமனுக்கு எப்படித் தெரியும் என்று என் புத்தி ஓடியது. உன் அப்பாவின் வலது கையைப் பிடித்து இழுத்து உன் உச்சந்தலையில் வைத்தேன். இவனுக்குப் பன்னிரண்டு வயது முடிகிற வரைக்கும் எந்தப் புத்தகத்திலும் இவன் பெயரைப் பதியக் கூடாது, எந்த ஆபீஸ் வாசலிலும் இவன் என் மகன் என்று சொல்லக் கூடாது, சத்தியம் செய் என்றேன். “பைத்தியமாடி ஒனக்கு?” என்றார். நான் கையை விடவில்லை. அவரும் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தவர்தானே. கடைசியில் சத்தியம் செய்தார். அதற்குப் பிறகு உன்னை ‘அந்தோனியம்மா மகன்’ என்றுதான் வெளியில் சொல்வார். வீட்டில் ‘டேய் தவிடு’. நீ அதை வேடிக்கை என்று நினைத்தாய். அவர் ஒரு நாளும் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

உன் தங்கைக்கு இந்தக் காவல் எதுவும் செய்யவில்லை. பிறந்த வாரமே அவள் பெயரைப் பதிந்தோம். பெண் குழந்தையைத் தேடி எமன் வரமாட்டான் என்று நினைத்தேனோ, வந்தாலும் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேனோ, தெரியவில்லை. (இதை எழுத வேண்டாம் என்று அம்மா பிறகு சொன்னாள். உள்ளபடி எழுதுவேன் என்று நான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.)

நாடு சுதந்திரம் அடைந்த பிறகு, இந்த மண்ணில் பிறந்த நம்மைப் போன்றவர்களும் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்றார்கள். எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறோம், யார் யார் பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் காட்ட வேண்டும். உன் அப்பாவும் போட்டார். விசாரணைக்கு வரச் சொன்ன நாளில் உனக்கு ஒன்பது வயது. தலைக்கு எண்ணெய் வைத்து வகிடு எடுத்துவிட்டேன். தோட்டத்து ஆபீஸில் நீயும் அப்பாவும் உள்ளே நின்றீர்கள். நான் தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்றேன். விசாரணை செய்த அதிகாரி கெட்டவர் அல்ல. தங்கையைப் பார்த்துச் சிரித்தார். அவர் இங்கிலீஷில் கேட்டதைக் கிளாக்கர் தமிழில் கேட்டார்.

“பொம்பளப் புள்ள பதிவு இருக்கு. ஆம்பளப் புள்ள தர்மலிங்கம்னு ஒண்ணு இருக்கு, அது எறந்து போச்சுன்னும் இருக்கு. அப்ப இந்தப் பையன் யாரு?”

உன் அப்பா பேசவில்லை.

“ஒங்களத்தான் கேக்குறாரு. இது ஒங்க மகனா?”

அவர் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். என்னைத்தான் பார்த்தார், பிச்சைமுத்து. சொல்லட்டுமா என்று கண்ணால் கேட்டார். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. இதுதான் நான் பதின்மூன்று வருஷமாக உன்னிடம் சொல்லாதது. நீ அப்பாவின் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாய், அதனால் என்னைப் பார்க்கவில்லை. கிளாக்கர் மூன்றாம் முறையும் கேட்டார். “இந்தா, வாயத் தொறந்து ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்” என்றுகூட மெதுவாகச் சொன்னார். அவர் வாய் திறக்கவில்லை. அதிகாரி பென்சிலை எடுத்து அந்தத் தாளில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். சத்தமே இல்லாத ஒரு கோடு. சில மாதங்கள் கழித்து நமக்குக் குடியுரிமை இல்லை என்று கடிதம் வந்தது.

அப்பா உன்னை மகன் என்று சொல்லவில்லை என்பது மட்டும்தான் உன் நினைவில் இருக்கிறது. இன்னொன்றையும் நினைத்துப் பார். அத்தனை நேரமும் அவர் உன் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் நான்கு விரலும் கோடு கோடாகப் பதிந்து சிவந்திருந்தது. நான் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். மூன்று நாள் அந்தத் தடம் போகவில்லை. உன்னை வேண்டாம் என்றவருடைய கை அப்படியா பிடிக்கும்? அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் குறை சொன்னதில்லை. ஒரே ஒரு நாள், செடி வெட்டுகிற கவ்வாத்து வேலை முடிந்து வந்து கத்தியைக் கழுவிக்கொண்டே, “பையன் என்கிட்ட பேச்ச கொறச்சிட்டான்” என்றார். நான் அப்போதாவது உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். இன்னும் மூன்று வருஷம்தானே, பன்னிரண்டு முடிந்துவிடுமே என்று இருந்துவிட்டேன்.

பன்னிரண்டு முடிந்தது. முடிந்த மறுநாள் காலையில் அவர் வேலைக்குப் போகவில்லை. குளித்து, மாரியம்மன் கோயிலில் விழுந்து கும்பிட்டுவிட்டு, அந்தக் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் போனார். கையில் ஒரு தாளோடு வந்தார். எனக்குப் படிக்கத் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனால் வாத்தியார் படித்துக் காட்டியதை அப்படியே மனப்பாடம் செய்து வந்து சொன்னார்: ‘பிச்சைமுத்து என்னும் இந்தப் பையன் எனக்கும் என் மனைவிக்கும் பிறந்த மகன் என்று உறுதி கூறுகிறேன்.’ அதன் கீழே அவருடைய கைநாட்டு. வரும் வழியில் எதிரே வந்த எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். கங்காணியிடம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பரா ஆயாவிடம், கோயில் பூசாரியிடம். “என் மகன், என் மகன்” என்று. சாயந்தரம் நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் உன் கையில் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும் என்று இஸ்தோப்பில் காத்திருந்தார். அன்றைக்கு நீ நேரே பந்து விளையாடப் போய்விட்டாய். பெருமழை பிடித்துக்கொண்டது. உன்னைத் தேடி அந்த மழையில் போனார்.

மழையில் நனைந்தவர் காய்ச்சலில் விழுந்தார். டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஒன்பதாம் நாள் போய்விட்டார். போகும்போது நீ அருகில் இல்லை, குழந்தைகளை உள்ளே விடவில்லை.

என் புத்தி எங்கே போயிருக்கும் என்று உனக்கே தெரியும். எழுதினார், சொன்னார், அவன் வந்தான். பிள்ளையைத் தேடி வந்தவன் தகப்பனை எடுத்துக்கொண்டு போனான். தாள் இருந்தால் மறுபடி வருவான். தாளை அடுப்பில் போடப் போனேன். அதில் அவருடைய கைநாட்டு இருந்தது. பெருவிரல் ரேகை ஒவ்வொன்றும் தெரிந்தது. நெருப்பில் போட என்னால் முடியவில்லை. உன்னிடம் கொடுக்கவும் முடியவில்லை.

ஐந்து வருஷம் கழித்து நீ ரயில் பாதை வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வட்டகொடை ஸ்டேசனுக்கு நடந்து போனாய். குடியுரிமைத் தாள் கேட்டார்கள். திரும்பி வந்து இந்த இஸ்தோப்பில் நின்றுதான் கத்தினாய். “ஒரே ஒரு வார்த்த கேட்டான். ஆமான்னு சொல்ல அந்த ஆளுக்கு வாய் வரல. செத்த மகனுக்குப் பேரு பதிஞ்சவரு, உசுரோட நின்ன மகன யாருன்னு தெரியாதுன்னுட்டாரு.” நான் அடுப்படியில் நின்றேன். அப்போதும் சொல்லவில்லை. நீ ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்துக்கொண்டு, குளிருக்கு இதுவாவது உதவட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாய்.

தர்மலிங்கத்தைப் புதைத்த இடத்தில் பிறகு தேயிலை வைத்தார்கள். கொழுந்து எடுக்க எனக்குக் கொடுக்கிற செடி நிரை சில நாள் அந்த வழியாகப் போகும். அந்த ஒரு செடியை மட்டும் தொடாமல் தாண்டிப் போவேன். “ஏய், செடிய விட்டுட்டுப் போற, கண்ணு தெரியலயா?” என்று கங்காணி கத்துவார். அந்தச் செடியில் கொழுந்து முற்றிக் கிடக்கும். பனி இறங்குகிற நேரத்தில் கதவைச் சாத்தும்போது இன்றைக்கும் பிள்ளைகளை எண்ணுவேன். தங்கை ஒன்று. பிறகு வாய் தானாகவே இரண்டு என்கிறது. வெளியே பனிக்குள் யாரோ நிற்பது போல இருக்கும். அது அவனா, நீயா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கதவைத் திறந்தே வைத்திருப்பேன். ஒருவனை நான் காப்பாற்ற முடியவில்லை. இன்னொருவனைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லித் தகப்பன் இல்லாதவனாக்கினேன்.

(அம்மா இதை இந்த வரிசையில் சொல்லவில்லை. காலையில் நான் அகராதியைப் படித்துக்கொண்டே போனேன். ரயில் பாதை, தூண்டில் கயிறு, பரம்பரை எல்லாம் அந்த ஒரே சொல்லில் வந்தன. அம்மா “ம்” என்று அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், கோட்டுக்கு உள்ளே வைத்துத் தைக்கிற துணிக்கு லைனிங் என்று பெயர், முன்காலத்தில் அதே செடியின் நாரில் நெய்த துணியை வைத்துத் தைத்ததால் அந்தப் பெயர் என்று படித்தேன். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். “கோட்டுக்கு உள்ள வக்கிற துணியா?” என்று கேட்டாள். “பேப்பர எடு. ஒங்கண்ணனுக்கு எழுதணும்” என்றாள். அப்போது தொடங்கியதுதான் இது. மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டதால் இப்போது எதிரே இருக்கிற தேயிலை பெக்டரி மேல்மாடி வெளிச்சத்தில் எழுதுகிறேன்.)

மகனே, கோட்டை எடு. இடது பக்கம், நெஞ்சுக்கு நேரே, உள்துணியின் ஓரத்தைத் தடவிப் பார். கறுப்புத் துணியில் வெள்ளை நூல் போட்ட தையல் ஒரு சாண் நீளத்துக்கு இருக்கும். அன்றைக்கு வீட்டில் வெள்ளை நூல்தான் இருந்தது. அதைப் பிரி. அந்தத் தாள் அங்கேதான் இருக்கிறது. ஐந்து வருஷம் குளிரும் மழையும் அதன் மேல் பட்டிருக்கிறது, மடிப்பில் கிழிந்திருக்கலாம், மெதுவாகப் பிரி. அவர் உன் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லக் காத்திருந்த தாள் அது. அதை நெஞ்சில் வைத்துக்கொண்டேதான் அவர் மேல் நீ கோபப்பட்டுக்கொண்டிருந்தாய்.

அந்தத் தாளால் இனி உனக்கு எந்த உரிமையும் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். குடியுரிமை இல்லாதவர்களை இந்தியாவுக்கு அனுப்புகிற கணக்கில் உனக்குப் பாஸ்போர்ட் ஆகிவிட்டது, போகத்தான் வேண்டும். கோபத்தை விடு என்று கேட்க மாட்டேன். ஆளை மாற்றிக்கொள் என்று மட்டும் கேட்கிறேன். கோபம் என் மேல் இருக்கட்டும், அவர் மேல் வேண்டாம். அங்கே உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அதன் பெயரைப் பிறந்த அன்றே எழுது. யார் கேட்டாலும் என் பிள்ளை என்று சத்தமாகச் சொல். உன் பயத்துக்காக யார் கையையும் அதன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிவிடாதே. வெள்ளிக்கிழமைக்கு முன் இங்கே ஏறி வந்தால் நாங்கள் இருப்போம். வர மனம் இல்லாவிட்டால், தாள் கிடைத்தது என்று இரண்டு வரி எழுதிப் போடு.

(இத்துடன் அம்மா சொல்லி முடித்தாள். கீழே என்ன எழுதுவது என்று கேட்டேன். “அவரு எழுதுன மாதிரியே எழுது” என்றாள். ‘பிச்சைமுத்து என் மகன்’ என்று எழுதினேன். அம்மா அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். முதலில் மெதுவாக, பிறகு லயம் முழுக்கக் கேட்கும்படியாக. பெரியம்மா வெளியே வந்து நின்றாள். கைநாட்டு வைக்க வேண்டும் என்று அம்மா பெருவிரலை நீட்டினாள். என் மைப்புட்டியைச் சாய்த்து விரலில் மை தடவிவிட்டேன். எந்த இடம் என்று கேட்டாள். அவள் விரலைப் பிடித்து அந்த வரிக்குக் கீழே வைத்தேன். அவள் அழுத்திக்கொண்டே இருந்தாள், எடுக்கவில்லை. ரேகை சரியாக விழுந்ததா என்று குனிந்து பார்த்தேன். தெரியவில்லை. பெக்டரி விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.)